முழு மயக்கம் கொடுத்தால் எதிர்ப்பு சக்தி போய்விடுமா?

அம்மாவுக்கு அடுத்த வாரம் மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன், முழு மயக்கம் கொடுத்தால் எதிர்ப்பு சக்தி போய் நோய் திரும்பிவிடும் என்று யாரோ சொன்னார்கள், உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரியில் 14 வருடமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன். மருந்துப் பேரை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பேச்சு சும்மா வந்ததில்லை. கத்தி பட்டதும் உடம்பு கார்டிசால், அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோன்களைக் கொட்டும். புற்றுச் செல்களைத் தேடி அழிக்கிற 'இயற்கைக் கொல்லி' அணுக்கள் அதில் சில நாள் மந்தமாகும். மூச்சு வழியாகக் கொடுக்கிற செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவும் வலிக்குக் கொடுக்கிற மார்ஃபின் வகை மருந்தும் அவற்றை இன்னும் அடக்கும், பால் மாதிரி வெள்ளையாக நரம்பில் ஏற்றுகிற புரோபோஃபால் என்ற மயக்க மருந்து அவ்வளவு அடக்காது என்று ஆய்வகத்தில் பார்த்தார்கள்.

ஆனால் நோயாளிகளிடம் சோதித்தபோது கதை வேறு. 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் செய்துகொண்ட 2,100-க்கும் மேற்பட்ட பெண்கள். பாதிப் பேருக்கு முதுகெலும்பை ஒட்டி மரப்பு ஊசியும் புரோபோஃபாலும், மீதிப் பேருக்கு செவோஃப்ளூரேனும் மார்ஃபின் வகை மருந்தும். நோய் திரும்பியது இரண்டு பக்கமும் நூற்றுக்குப் பத்துப் பேருக்குத்தான். அதனால் இதயம், நுரையீரல், சர்க்கரை பார்த்து மயக்க மருந்து டாக்டர் எது சொல்கிறாரோ அதற்குச் சம்மதியுங்கள்.

நான் கவலைப்படுவது குளிரைப் பற்றி. போன மார்கழியில் தளி பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். "சாமி கும்பிட்டுட்டு வந்தோம் சிஸ்டர்" என்றார் மகள். தலைக்கு ஊற்றிய ஈரம் அப்படியே கொண்டையில். கையைத் தொட்டால் கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. கொண்டையை அவிழ்த்து, இரண்டு துண்டு ஈரமாகிற வரைக்கும் துவட்டி, கம்பளி சுற்றி, உடம்பு சூடேறிய பிறகுதான் உள்ளே அனுப்பினேன். மயக்கம் கொடுத்த முதல் ஒரு மணி நேரத்திலேயே உடம்புச் சூடு ஒன்று, ஒன்றரை டிகிரி செல்சியஸ் இறங்கும். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கிக் காயத்துக்கு ஆக்சிஜன் குறையும். வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்கிற திறனும் குறையும். 1996-ல் பெருங்குடல் ஆபரேஷன் செய்த 200 பேரிடம் பார்த்ததில், சூடு குறையவிட்டவர்களில் 19 சதவீதம் பேருக்குப் புண்ணில் சீழ் வைத்தது. சூடாக வைத்திருந்தவர்களில் 6 சதவீதம்தான்.

சர்க்கரை இருந்தால் இந்த வாரமே கட்டுக்குள் கொண்டுவரப் பாருங்கள். ஆபரேஷன் முடிந்ததும் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள். நம் ஊர் அம்மாக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு "பரவாயில்ல" என்பார்கள். அந்த வலியும் உடம்பை அலைக்கழிக்கிறதுதான். மரப்பு ஊசியும் சேர்த்துப் போட முடியுமா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம், வலி குறைவதற்காக.

குளிக்கச் சொல்லியிருந்தால் குளிக்கட்டும், தலை நன்றாகக் காயட்டும். ஒரு கம்பளியும் காலுக்கு சாக்ஸும் எடுத்துப் போங்கள். தியேட்டர் வாசலில் காத்திருக்கும்போதே குளிர் பிடித்துக்கொள்ளும்.