கேளுங்கள் மாஸ்ரரை: அத்தான் அனுப்பும் சப்பாத்து

கேள்வி: மாஸ்ரர், வருகிற மாசியில் நண்பர்களுடன் ஹட்டன் வழியாகச் சிவனொளிபாதமலை ஏறப் போகிறேன். போன வருடம் இரவல் சப்பாத்தோடு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்துவிட்டன. ரொறன்ரோவில் இருக்கும் அத்தான் நல்ல மலைச் சப்பாத்து வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். அலுவலகத்துக்கு 8ஆம் இலக்கம் போடுகிறேன். அதையே சொல்லிவிடவா?
(வாசகர், நெல்லியடி)

பதில்: அத்தானுக்கு நன்றி சொல்லுங்கள்; சப்பாத்து வேண்டாம் என்றும் சொல்லுங்கள். காசாக அனுப்பினால் தடுக்காதீர்கள்.

கனடாக் கடைகளில் இருப்பது அமெரிக்க இலக்கம். நீங்கள் போடும் 8 பிரித்தானிய இலக்கம் என்றால், அங்கே 8 கேட்டு வாங்குவது உங்களுக்கு ஏறத்தாழ 7 ஆகத்தான் வந்து சேரும். ஒரு இலக்கம் என்பது எட்டரை மில்லிமீற்றர். நகம் கறுக்க அதில் பாதியே போதும்.

இலக்கம் சரியாக இருந்தாலும் அகலம் இருக்கிறது. செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த கால் முன்பக்கம் விரிந்திருக்கும். பல சப்பாத்துகளோ அந்த இடத்தில்தான் ஒடுங்குகின்றன. கடைக்காரர் உடனே ஒரு இலக்கம் கூட்டி எடுத்துத் தருவார். விரல்களுக்கு இடம் கிடைக்கும், குதிக்கால் உள்ளே ஆடும். இறக்கத்தில் கால் முன்னால் வழுக்கிப் போய் நகம் இடிபடும். பிறகு பழியெல்லாம் மலைக்கு.

வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். பழைய பத்திரிகைத் தாளின் மேல் முழுப் பாரத்தையும் ஊன்றி நில்லுங்கள். வேறொருவர் பென்சிலை நேராகப் பிடித்துக் காலைச் சுற்றிக் கோடு இழுக்கட்டும்; நீங்களே குனிந்து கீறினால் பாரம் மாறி, அளவும் மாறிவிடும். இரண்டு காலையும் கீறி வெட்டி எடுங்கள். ஒன்று மற்றதைவிடப் பெரிதாக இருந்தால் திகைக்க வேண்டாம், பலருக்கும் அப்படித்தான். பெரியதைக் கடைக்குக் கொண்டுபோங்கள். அநேகமான மலைச் சப்பாத்துகளுக்குள் கழற்றக்கூடிய மெத்தை ஒன்று இருக்கும். அதை வெளியே எடுத்து உங்கள் தாளை மேலே வையுங்கள். சுண்டுவிரல் பக்கம் தாள் வெளியே நீட்டினால் அந்தச் சப்பாத்தைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

பின்னேரத்தில் போங்கள், பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். மலைக்குப் போடப் போகும் காலுறையையும் கொண்டுபோங்கள். பருத்திக் காலுறை வேண்டாம். வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருந்து கொப்புளம் போடும். லேஸைக் கட்டாமல் காலை முன்னே தள்ளினால், குதிக்காலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு கட்டிக்கொண்டு கடையின் மாடிப்படியில் இறங்கிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இறக்கத்துக்கு வேறெங்கே போவது? “போகப் போக இளகும்” என்பார்கள். தோல் அகலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், நீளத்தில் ஒருபோதும் இல்லை.

ஹட்டன் வழி ஏறத்தாழ 5,500 படிகள். பெரும்பாலும் கட்டிய படி என்பதால் கணுக்காலை மூடும் பாரமான சப்பாத்து தேவையில்லை. நன்றாகப் பிடிக்கும் அடியுள்ள இலேசானதே போதும். இரவுக் குளிரில் ஏறிவிடுவீர்கள். முழங்கால் நடுங்க இறங்கும் காலை நேரத்தில்தான் சோதனை. இறங்கு முன் கணுக்காலோடு லேஸை இறுக்கிக் கட்டுங்கள், விரல் பக்கம் தளர்வாக விடுங்கள். நகத்தை இரண்டு மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள். உச்சியில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், தரை சில்லிடும். மாற்றுக் காலுறை ஒரு சோடி பையில் இருக்கட்டும்.

கேள்வி: மகன் லண்டனிலிருந்து அனுப்பிய மலைச் சப்பாத்து பல வருடமாகப் பெட்டி பிரிக்காமல் அலுமாரியில் இருக்கிறது. பேரன் கேட்கிறான், கொடுக்கலாமா?
(வாசகி, காரைநகர்)

பதில்: அம்மா, போடாமல் வைத்தாலும் சப்பாத்துக்கு வயது போகும். பல சப்பாத்துகளின் அடிக்குள் இருக்கும் பொலியூரித்தேன் நுரை காற்றின் ஈரத்தாலேயே உக்கிவிடும். பெருவிரலால் அடியின் பக்கத்தை அழுத்துங்கள். வெடித்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ எறிந்துவிடுங்கள், பசை போட்டு ஒட்டிக் கொடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நுரையே போன பிறகு பசை எதைப் பிடிப்பது? உதிரவில்லை என்றாலும், பேரன் முதலில் ஊர் வீதியில் இரண்டு கிழமை போட்டு நடக்கட்டும். நடு மலையில் அடி கழன்றால் பிள்ளை என்ன செய்வான்?

கேள்வி: செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமப் பாதயாத்திரைக்குப் புதுச் சப்பாத்து வாங்கலாமா?
(வாசகர், வல்வெட்டித்துறை)

பதில்: வேண்டாம். வெறுங்கால் நேர்த்தி என்றால் அது உங்களுக்கும் முருகனுக்கும் இடையிலான விடயம். இல்லையென்றால் ஏற்கெனவே போட்டுப் பழகிய, வார் கட்டும் செருப்பே நல்லது. நாள் போகக் கால் வீங்கும்போது வாரைத் தளர்த்தலாம். தங்கும் இடமெல்லாம் விரலிடுக்கில் மணல் போகக் கழுவி, ஈரம் துடையுங்கள். சிவந்து சுடுகிற இடம் கண்டால் அப்போதே பிளாஸ்ரர் ஒட்டுங்கள், கொப்புளம் வரட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம்.