ஏற்றத்தில் மட்டும் கல்லாகும் பிரேக்

கேள்வி: என் பழைய 1275 சிசி மினியில் எஸ்யூ காபரேட்டருக்கும் மனிபோல்டுக்கும் (கலவையை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் குழாய்) இடையில் ஈட்டன் எம்45 சுப்பர்சார்ஜர் பூட்டியிருக்கிறோம். சேர்வோ (வெக்கியூமால் பிரேக் மிதியை இலகுவாக்கும் கருவி) ஹோஸ் பழையபடி மனிபோல்டில்தான். கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் பக்கம் ஏறும்போது வளைவில் மிதித்தால் பெடல் கல்லாக இருக்கிறது. இறக்கத்தில் ஒரு குறையும் இல்லை. சேர்வோவை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?
– வாசகர், வட்டவளை

பதில்: இப்போதைக்கு சேர்வோவில் கை வைக்காதீர்கள். அதன் உள்ளே இருக்கும் ரப்பர் டயப்ரம் கிழிந்திருந்தால் இறக்கத்திலும் பெடல் இறுகியிருக்கும். கியரில் இறங்கும்போது திரொட்டில் மூடியிருப்பதால் மனிபோல்டில் வெக்கியூம் தாராளம். ஏறும்போதோ அதே மனிபோல்டுக்குள் சுப்பர்சார்ஜர் கலவையை அமுக்கித் தள்ளுகிறது. அதைத் தடுத்து நிறுத்த ஹோஸில் உள்ள ஒருவழி வால்வைத் தவிர வேறெதுவும் இல்லை. அது கசிந்தால், சேர்வோவில் சேர்ந்திருந்த வெக்கியூம் போய்விடும். அக்சிலேட்டரை விட்டு பிரேக்கில் கால் வைக்கும் நேரத்தில் உதவிக்கு ஒன்றும் மிஞ்சாது.

வால்வைக் கழற்றுங்கள். வாயால் ஊதிப் பார்ப்பது போதாது; அந்த அளவுக்குத் தாங்கும் வால்வு 7, 8 பிஎஸ்ஐக்குத் தாங்காமல் விடலாம். எஞ்சின் பக்க முனையில் சைக்கிள் பம்பைப் பொருத்தி, சேர்வோ பக்க முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி 10 பிஎஸ்ஐ வரை அடியுங்கள். ஒரு குமிழி வந்தாலும் வால்வு குப்பைக்கு. பெற்றோல் ஆவியும் எண்ணெயும் பட்டு உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப் போவதுதான் வழமையான காரணம். பஞ்சிகாவத்தையில் பழையது மலிவாகக் கிடைக்கும், ஆனால் இந்தச் சாமானைப் புதிதாகவே வாங்குங்கள்.

நிரந்தரத் தீர்வு வேறு. காபரேட்டருக்கும் சுப்பர்சார்ஜருக்கும் நடுவிலுள்ள குழாய்க்கு ஹோஸை மாற்றுங்கள். அங்கே பூஸ்ட் (சுப்பர்சார்ஜர் தரும் அழுத்தம்) வராது. திரொட்டில் மூடினால் நல்ல வெக்கியூம் இருக்கும். ஹோஸ் பொருந்தும் யூனியனைக் குழாயின் மேற்பக்கத்தில் பூட்டுங்கள், இல்லாவிட்டால் பெற்றோல் ஹோஸுக்குள் வடியும். ஒருவழி வால்வு அங்கேயும் கட்டாயம். மனிபோல்டில் பழைய துளையை மரையுள்ள பித்தளை பிளக்கால் அடையுங்கள். ரப்பர் மூடி வேண்டாம்: பூஸ்டில் அது கழன்றால் வெளியே பீய்ச்சுவது பெற்றோல் கலவை, பக்கத்திலேயே எக்ஸோஸ்ட் வேறு. மினியில் இரண்டும் ஒரே பக்கம்தானே! ஹோஸ், நூல் வைத்த தடித்த வெக்கியூம் ஹோஸாக இருக்கட்டும். தண்ணீர்க் குழாய் சப்பிப் போகும்.

வெக்கியூம் கேஜ் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: கொழும்பில் ஐட்லிங்கில் 18–20 அங்குலம் (பாதரச அளவு) காட்டும் எஞ்சின், நுவரெலியாவில் 5, 6 அங்குலம் குறைத்தே காட்டும். அது உயரத்தின் கணக்கு, பழுது அல்ல.

கேள்வி: றம்பொடை இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தால் பெற்றோல் மிச்சமாகுமா?
– வாசகர், புசல்லாவை

பதில்: செய்யாதீர்கள். சேர்வோவில் மிஞ்சும் வெக்கியூம் இரண்டு, மூன்று மிதிக்குத்தான்; சாவியைக் கூடுதலாகத் திருப்பினால் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளும். இன்ஜெக்ஷன் வண்டியென்றால், கியரில் கால் எடுத்து இறங்கும்போது எஞ்சின் தானாகவே பெற்றோலை நிறுத்திக்கொள்கிறது.