34 வயதில் அப்பாவாவது தாமதமா?

எனக்கு 34 வயது, மனைவிக்கு 29. திருமணமாகி எட்டு மாதம், குழந்தையைத் தள்ளிப்போடவில்லை. "உன் வயசுல உங்க தாத்தாவுக்கு அஞ்சு புள்ளைங்க" என்கிறார் அம்மா. ஆனால் ஆதிகாலம் முதலே அப்பாக்களின் சராசரி வயது 30க்கு மேல் என்று செய்தியில் படித்தேன். எது சரி?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

இரண்டுமே சரிதான். நீங்கள் படித்தது அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆய்வு. கடந்த 2,50,000 ஆண்டுகளில் அப்பாவின் சராசரி வயது 30.7, அம்மாவுக்கு 23.2 என்று கணித்தார்கள். அந்தக் காலத்தில் பிறப்புச் சான்றிதழ் ஏது? மரபணுதான் சான்று. பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய மாற்றங்கள் சில ஒவ்வொரு குழந்தையின் மரபணுவிலும் இருக்கும். பெற்றோரின் வயதுக்கேற்ப அவற்றின் வகை மாறும். இன்றைய ஐஸ்லாந்துக் குடும்பங்களில் அதை அளந்து, பழங்கால மாற்றங்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள்.

ஆனால் இது தலைச்சன் பிள்ளைக் கணக்கு இல்லை. எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்த சராசரி. ஒரு பாட்டிக்கு 18இல் தலைச்சன், 36இல் கடைக்குட்டி, இடையில் சீரான இடைவெளி என்றால் சராசரி 27. தாத்தா ஏழு வயது மூத்தவர் என்றால் அவருக்கு 34. உங்கள் வயதேதான்!

விந்தணு பருவ வயதிலிருந்து ஓயாமல் உற்பத்தியாவதால், அப்பாவின் வயது ஏற ஏற குழந்தைக்குப் போகும் புதிய மாற்றங்களும் சற்றுக் கூடும். 34இல் அது கவலைப்படும் அளவல்ல. கருமுட்டைகள் அப்படியல்ல, பெண் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி முடிந்துவிடும், பிறகு குறையத்தான் செய்யும். 35க்கு மேல் வேகமாகக் குறையும். எனவே நான் பார்ப்பது உங்கள் 34ஐ அல்ல, மனைவியின் 29ஐ. அதுவும் நல்ல வயதுதான்.

மனைவிக்கு 35க்குள் என்றால் ஓராண்டு முயன்றுவிட்டுப் பரிசோதனைக்குப் போனால் போதும். மாதவிலக்கு ஒழுங்கில்லை என்றாலோ, உங்களுக்குப் பொன்னுக்குவீங்கி வந்து விரை வீங்கியிருந்தாலோ காத்திருக்க வேண்டாம். ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தினமும் இப்போதே மனைவி தொடங்கலாம். சிகரெட் பழக்கம் இருந்தால் நீங்கள் விடுங்கள்.

நம் ஊரில் மருமகளைத்தான் ஸ்கேன், ஸ்கேன் என்று அலையவிடுகிறார்கள். எளிதானது உங்களுக்கான விந்தணுப் பரிசோதனை. இரண்டிலிருந்து ஏழு நாள்வரை உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். இதற்காகப் புதுச்சேரிக்கு பஸ் ஏற வேண்டாம், கடலூரிலேயே செய்யலாம். ரிப்போர்ட்டோடு இருவரும் சேர்ந்தே மருத்துவரைப் பாருங்கள்.