ஆவணப்படத்தில் பேட்டியும் பழைய காட்சியும் ஏன் மாறி மாறி வருகின்றன?

மும்பை மாட்டுங்காவில் நாட்டியம் பயிலும் நீங்கள், கலைஞர்களைப் பற்றிய ஆவணப்படங்களில் பேட்டியும் பழைய காட்சிகளும் ஏன் மாறி மாறி வருகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேட்டி தருவது நினைவு. அது சொல்லச் சொல்ல மெருகேறிவிடும். பழைய படச்சுருள், கலைஞர் அன்று எப்படி நின்றார், எப்படிப் பாடினார் என்பதையே காட்டுவதால், பேச்சுக்கு அடுத்து அதை வைக்கும்போது சில சமயம் சான்றாகவும் சில சமயம் மறுப்பாகவும் அமைகிறது. பேட்டியை வெட்டி ஒட்டிய இடத்தை மறைப்பதற்கும் இதே காட்சிகள் பயன்படுகின்றன. ஆகவே ஆண்டோ இடமோ குறிப்பிடாமல் வரும் காட்சியைச் சான்றாக நான் எளிதில் ஏற்பதில்லை.

உங்கள் துறையிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. மும்பை நரிமன் முனையிலுள்ள தேசிய நிகழ்கலை மையமும் தமிழக அரசும் இணைந்து தயாரிக்க, சத்யஜித் ராய் 1976-இல் இயக்கிய, சுமார் அரை மணி நேரம் ஓடும் 'பாலா' என்ற படம் அது. அந்தப் படம் காட்டும் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு அப்போது வயது 58. இளமைக்கால ஆட்டத்தின் இடத்தை ஒளிப்படங்களும், நடனக் கலைஞர் உதய் சங்கர், இசையறிஞர் நாராயண மேனன் ஆகியோரின் பேச்சும், ராயின் சொந்தக் குரலில் வரும் விவரிப்புமே நிரப்புகின்றன. ஆனால் கடற்கரையில் பாலசரஸ்வதி 'கிருஷ்ணா நீ பேகனே' என்ற கன்னடப் பாடலுக்கு ஆடும்போது விளக்கம் சொல்ல எவரும் குறுக்கிடுவதில்லை. பேட்டியை எங்கே நிறுத்துவது என்று அறிந்த இயக்குநர்கள் குறைவு என்பது என் எண்ணம்.