ஏற்காட்டுக்கு முதல் தடவை வருகிறவர்களுக்கு

ஏற்காடு மலைப்பாதையில் 22 வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற சேலத்து ஓட்டுநர், இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றங்கரைதான். நான், வீட்டுக்காரர், மாமியார், ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள் ஏற்காடு வருகிறோம். மாமியாருக்கு மூட்டுவலி. கையில் இருப்பது இரண்டு நாள். பார்க்க வேண்டியவை என்று தெரிந்தவர்கள் பதினாலு இடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எதைப் பார்ப்பது, எதை விடுவது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அந்தச் சீட்டில் பத்து இடத்தை அடித்துவிடுங்கள் தங்கச்சி. காலையில் என் பஸ்ஸில் ஏறி வந்து சாயங்காலம் இறங்குகிற குடும்பங்களை முன்கண்ணாடிக்கு மேலே இருக்கிற சின்னக் கண்ணாடியில் வருஷக்கணக்காகப் பார்த்தவன் நான். ஓடி ஓடிப் பார்த்தவர்கள் உட்கார்ந்த உடனே தலை சாய்ந்துவிடுவார்கள். ஏரிக்கரையில் பாதி நாள் உட்கார்ந்திருந்த குடும்பம் சேலம் வரும்வரை பேசிக்கொண்டே வரும்.

உங்களைப் போல சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மலை அடிவாரத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவுகள் 20. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஒரு மணி நேரத்தில் 1,200 மீட்டர் ஏறிவிடுகிறீர்கள். கீழே முள்ளும் மூங்கிலுமாக வறண்ட காடு. மேலே போகப் போக சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி. பாதிக்கு மேல் காற்றே வேறாக இருக்கும். மடித்துவிட்ட சட்டைக் கையை நான் இறக்கிவிடுகிற வளைவு ஒன்று உண்டு, கோடையில்கூட. அதனால் பிள்ளைகளிடம் போனைக் கொடுக்காமல் ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள். ஒவ்வொரு வளைவிலும் பலகையில் எண் இருக்கும், எண்ணிக்கொண்டே வரட்டும். குரங்குகள் இருக்கும், தீனி போடக் கூடாது. பழகிவிட்ட குரங்கு அடுத்த வண்டியில் இருக்கிற குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும்.

முதல் நாள் ஏரி மட்டும் போதும். ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு. படகில் ஒரு சுற்று போய் வாருங்கள், அப்புறம் பக்கத்திலேயே அண்ணா பூங்கா. மாமியாருக்கு மேடு பள்ளம் இல்லாமல் நிழலில் ஒரு பெஞ்சு கிடைக்கும், பிள்ளைகள் கண் பார்வையிலேயே ஓடலாம். மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது வந்தால் அந்தப் பெஞ்சு கிடைக்காது. முதல் தடவைக்கு அந்தக் கூட்டம் வேண்டாம்.

சாயங்காலம் லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனைக்குப் போங்கள். அந்தப் பாறை விளிம்பில் நின்றால் நீங்கள் ஏறி வந்த பாதை கீழே கயிற்றைப் போட்ட மாதிரி கிடக்கும். சமவெளியில் அங்கங்கே வெளுப்பாகத் தெரிவது வெள்ளைக்கல், அதாவது மாக்னசைட் வெட்டுகிற இடங்கள். இருட்டுகிறவரை காத்திருங்கள். சேலம் விளக்கு போட ஆரம்பிக்கும். முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் ரோடு ரோடாக.

என் அம்மாவுக்கும் மூட்டுவலிதான். ஆத்தூர்ப் பக்கம் பிறந்து, சேலத்தில் வாழ்க்கைப்பட்டு, தினமும் வாசலிலிருந்து அந்த மலையைப் பார்த்தவள். அறுபத்தெட்டு வயதில்தான் முதல் தடவை ஏறினாள், நான் ஓட்டிய பஸ்ஸிலேயே. வேறு எங்கேயும் கூட்டிப்போகவில்லை, லேடீஸ் சீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். விளக்கெல்லாம் எரிந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுல நம்ம வீடு எதுடா?" என்று கேட்டாள். அஸ்தம்பட்டி இருக்கிற திசையைக் காட்டினேன். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். குளிருக்குத் துண்டைப் போர்த்திவிட்டேன். அதனால் சொல்கிறேன், உங்கள் மாமியாரை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் இறங்கிப் போகிற இடம் எதுவும் உங்கள் சீட்டில் வேண்டாம்.

இந்தக் கணக்கில் கிளியூர் அருவியை விட்டுவிட வேண்டியதுதான். படி இறங்குவதும் ஏறுவதும் மூட்டுக்கு ஆகாது, கோடையில் தண்ணீரும் இருக்காது. இரண்டாம் நாள் காலையில் சேர்வராயன் கோயில். 1,620 மீட்டர் உயரத்தில், உச்சியிலே ஒரு மைதானம் போல் பரந்த இடம். கோயில் ஒரு சின்னக் குகைக்குள், குனிந்துதான் போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். இது மலையாளி என்று சொல்லப்படும் மலைவாழ் மக்களின் சாமி. பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள், மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள், பேசுவது தமிழ். அவர்கள் வீட்டுக் கோயிலுக்குப் போகிற மாதிரி அமைதியாகப் போய் வாருங்கள். மாமியார் குனிய முடியாவிட்டால் வெளியே நின்று கும்பிட்டால் போதும், அந்தக் காற்றே அவருக்குப் பிடித்துவிடும். நேரம் மிச்சம் இருந்தால் பகோடா பாயிண்ட் என்கிற காட்சிமுனை. இல்லாவிட்டால் அடுத்த தடவைக்கு இருக்கட்டும்.

கேள்வி: என் மகளுக்கு மலைப்பாதை என்றாலே வாந்தி. என்ன செய்வது?
– வாசகர், நாமக்கல்

பதில்: முன் இருக்கையில் உட்கார வையுங்கள். பின் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்தால் ஆட்டம் அதிகம். தூரத்தில் ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு வண்டி திரும்புவதை உணருகிறது, கண் மட்டும் போன் திரையிலோ புத்தகத்திலோ அசையாமல் நிற்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். காலையில் இரண்டு இட்லி போதும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். மாத்திரை என்றால் டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு அரை மணி முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். வாந்தி வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை.

கேள்வி: சொந்தக் காரில் வருகிறேன். ஓட்டிப் பழகியது எல்லாம் நெடுஞ்சாலையில்தான். ஏறுவதற்குத்தான் பயமாக இருக்கிறது.
– வாசகர், விழுப்புரம்

பதில்: தம்பி, பயப்பட வேண்டியது இறங்குவதற்கு. ஏறும்போது வண்டி திணறினால் கியரைக் குறைப்பீர்கள், அவ்வளவுதான். இறங்கும்போது வண்டி தானாக ஓடுகிற சுகத்தில் காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வருவார்கள். தேய்ந்து தேய்ந்து சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது.

ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை. எனக்கு முன்னால் ஒரு வேன், குடும்பம் நிறைய. துணி பொசுங்குகிற மாதிரி நாற்றம் என் பஸ்ஸுக்குள்ளேயே வந்தது. ஹாரன் அடித்து, கை காட்டி, வளைவு தாண்டி அகலமான இடத்தில் ஓரம் கட்ட வைத்தேன். முன் சக்கரத்திலிருந்து புகை. அந்தப் பையன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, குடத்துத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். ஊற்றாதே என்று கையைப் பிடித்துக்கொண்டேன். காயும் இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். தானாக ஆறட்டும் என்று உட்கார வைத்தேன். அவனுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்னு சொன்னாங்கண்ணே" என்றான். அதைச் சொல்லிக் கொடுத்தது யாரோ, அவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. இஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும். பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள், அழுத்தியே வைக்காதீர்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள், அது சட்டமும்கூட. பஸ் வளைவு திரும்ப முழு ரோடும் வேண்டும், அதனால் பஸ்ஸைப் பார்த்தால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். குப்பனூர் வழியாகவும் ஒரு பாதை உண்டு. கூட்டமான நாட்களில் ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று பிரித்து விடுவார்கள், அடிவாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இருட்டின பிறகும் பனி இறங்கும்போதும் முதல் தடவைக்காரர் ஓட்ட வேண்டாம். காட்டுமாடு ரோட்டில் நிற்கும்.

கேள்வி: மலையிலிருந்து இறங்கிய பிறகு ரயிலுக்கு அரை நாள் இருக்கிறது. சேலம் ஊருக்குள் குழந்தைகளை எங்கே கூட்டிப்போகலாம்?
– வாசகி, காட்பாடி

பதில்: இறங்கி வருகிற வழியிலேயே, மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது. புள்ளிமானும் மயிலும் பிள்ளைகளுக்குப் போதும். வார விடுமுறை எந்த நாள் என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போங்கள். வெயில் தாழ்ந்திருந்தால் கன்னங்குறிச்சியில் மூக்கனேரி. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் பெய்கிற மழை ஓடையாக இறங்கி வந்து சேருகிற ஏரி அது. குப்பையும் கழிவுமாகக் கிடந்ததை 2010-ல் சேலத்துக்காரர்களே சேர்ந்து தூர்வாரினார்கள். அள்ளிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இப்போது அந்த மரங்களில் பறவைகள் அடைகின்றன. மலையில் பார்த்த தண்ணீர் எங்கே வந்து சேர்கிறது என்று குழந்தைக்குக் கையோடு காட்டலாம். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுங்கள், இரண்டு தட்டைக்கு நடுவே பீட்ரூட், கேரட், சட்னி வைத்துத் தருவார்கள். பொட்டலம் கட்டிக்கொண்டு ரயிலில் தின்றால் நமுத்துப்போகும், கடையிலேயே நின்று சாப்பிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பிப் பூ பார்க்க எப்போது வர வேண்டும்?
– வாசகர், கரூர்

பதில்: மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தால், ஒன்பது பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை வாசம். இரண்டு மூன்று நாளில் வாடி உதிர்ந்துவிடும், அதனால் தேதி குறித்துக்கொண்டு வர முடியாது. மழை பெய்ததாக மலையில் இருக்கிற யாராவது சொன்னால் நாளை எண்ணிக்கொண்டு கிளம்புங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த செடி இது. பஸ் ஜன்னலைத் திறந்து வையுங்கள், தோட்டம் கண்ணில் படும் முன்னாலேயே வாசம் வந்துவிடும்.