98 எப்படி 200-ஐ முந்தியது?

வணக்கம் அம்மா. மகள் பி.எஸ்சி. கணிதம் கடைசி வருஷம். கேம்பஸுக்கு வந்தவர்கள் லினக்ஸ் இயங்குதளத்தின் கட்டளை டைப் செய்யும் கருப்புத் திரையில் ஒரு மதிப்பெண் பட்டியலைக் கொடுத்து, கட்-ஆஃப் படி மேலிருந்து கீழாக அடுக்கச் சொன்னார்கள். அவள் அடுக்கினாள்; 98 வாங்கியவர் முதலிடத்திலும் 200 வாங்கியவர் அவருக்குக் கீழேயும் வந்தார்கள். அத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது 80,000 ரூபாய் கட்டி டேட்டா சயின்ஸ் கோர்ஸில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்குக் கட்ட வேண்டாம். அவள் தடுமாறியது டேட்டா சயின்ஸில் இல்லை, வரிகளை அடுக்கித் தரும் சார்ட் என்ற ஒரே ஒரு கட்டளையில். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின், 1971-இல் வந்த முதல் கையேட்டிலேயே அது இருக்கிறது. இன்றைக்கும் லினக்ஸ் சர்வர் இருக்கிற இடமெல்லாம் இருக்கிறது, காசும் கிடையாது.

அவளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சார்ட் சும்மா விட்டால் எண்ணை எண்ணாகப் பார்க்காது, அகராதியில் சொற்களை அடுக்குகிற மாதிரி எழுத்தெழுத்தாகப் பார்க்கும். 98-இல் முதல் எழுத்து 9, 200-இல் 2. ஒன்பது பெரியது, ஆகவே 98 மேலே. "இதை எண்ணாக எடுத்துக்கொள்" என்று சொல்ல 'என்' என்ற ஓரெழுத்தைச் சேர்க்க வேண்டும். விட்டது அது மட்டும்தான்.

நீங்கள் பொறியியல் கவுன்சலிங் பார்த்த வீடு என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். கட்-ஆஃப் 200-க்கு; அதில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இரண்டு பேருக்குக் கட்-ஆஃப் சமமானால் கணக்கில் யார் அதிகம் என்று பார்ப்பார்கள், அதுவும் சமமானால் இயற்பியல். சார்ட்டுக்கும் இதையே அப்படியே சொல்லலாம். விண்ணப்ப எண், மாவட்டம், கணக்கு, இயற்பியல், வேதியியல், கட்-ஆஃப் என்று ஆறு நெடுவரிசைகள், நடுவில் காற்புள்ளி இருக்கிற ஃபைல் என்றால் கட்டளை இப்படி வரும் (உச்சரிப்பை எழுதுகிறேன், டைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து):

சார்ட் -டி, -கே6,6என்ஆர் -கே3,3என்ஆர் -கே4,4என்ஆர்

கடைசியில் ஃபைல் பெயர். 'டி' (ஆங்கில t, d அல்ல) நெடுவரிசைகளைப் பிரிக்கும் குறி எது என்று சொல்கிறது; அதை ஒட்டி இருக்கும் காற்புள்ளிதான் அந்தக் குறி. 'கே' எந்த நெடுவரிசை என்று சொல்கிறது. 'ஆர்' போட்டால் பெரியது மேலே வரும்.

6,6 என்று இரண்டு தடவை எதற்கு? இங்கேதான் பாதிப் பேர் சறுக்குவார்கள். 'கே'க்குப் பிறகு 2 என்று மட்டும் போட்டால் "இரண்டாவது நெடுவரிசையில் தொடங்கி வரியின் கடைசி வரை" என்று பொருள். மாவட்டவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு மாவட்டத்துக்குள்ளும் கட்-ஆஃப் படி அடுக்க நினைத்து இப்படி எழுதினால், மாவட்டப் பெயர் முடிந்ததும் அது கணக்கு மதிப்பெண்ணையும் எழுத்தாகவே ஒப்பிடப் போய்விடும். கட்-ஆஃபைப் பார்க்கும் கட்டமே வராது. பட்டியல் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. 2,2 என்று போட்டால் அங்கேயே நிற்கும்.

முகவரி மாதிரி ஒரு நெடுவரிசை இருந்து, "12, காந்தி தெரு" என்று மேற்கோளுக்குள் காற்புள்ளி வந்தால் சார்ட்டுக்கு அது புரியாது, எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போகும். அந்த இடத்தில் பைத்தான் என்ற நிரல்மொழிக்குப் போக வேண்டியதுதான்.

என் கதை ஒன்று. பல வருஷத்துக்கு முன் ஒரு மாணவர் பட்டியலை அடுக்கி, விடையை அதே ஃபைலிலேயே எழுதும்படி அம்புக்குறி (>) போட்டேன். சார்ட் படிக்க ஆரம்பிக்கும் முன்பே, நாம் டைப் செய்யும் கட்டளையை வாங்கி இயக்கும் ஷெல் அந்த ஃபைலைக் காலி செய்துவிட்டது. மறுபடி முழுதும் டைப் செய்தேன். அம்புக்குறிக்குப் பதில் '-ஓ' என்று போட்டு ஃபைல் பெயரைக் கொடுத்திருந்தால் அதே ஃபைலில் பத்திரமாக எழுதியிருக்கும். உங்கள் மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

எக்செல் தெரிந்தால் போதாதா என்றும் கேட்டிருந்தீர்கள். தெரியட்டும், நல்லதுதான். ஆனால் எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரிக்கு மேல் வாங்காது. சர்வரில் நடப்பதை வரிவரியாகப் பதிந்து வைக்கும் லாக் ஃபைல் அதைச் சாதாரணமாகத் தாண்டும். சார்ட் நினைவகத்தில் அடங்காததையும் துண்டு துண்டாக வட்டில் அடுக்கி, பிறகு ஒன்று சேர்த்துக் கொடுத்துவிடும். சப்போர்ட், டெஸ்டிங் வேலைகளில் இது அன்றாடப் பழக்கம். மரபணுத் தரவில் வேலை செய்கிறவர்களும் குரோமோசோம் பெயர், அப்புறம் தொடங்கும் இடம் என்று இதே சார்ட்டால்தான் அடுக்குகிறார்கள். கணிதம் படித்த பெண், அந்தப் பக்கமும் யோசிக்கலாம்.

பயிற்சிக்கு வீட்டு விண்டோஸ் லேப்டாப்பே போதும். அதற்குள்ளேயே உபுண்டு என்ற லினக்ஸை இலவசமாக நிறுவலாம். விண்டோஸின் சொந்தக் கருப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டிலும் சார்ட் என்று ஒன்று உண்டு, ஆனால் அது வேறு. நெடுவரிசை அதற்குத் தெரியாது, வரியில் எத்தனையாவது எழுத்து என்றுதான் கேட்கும். லேப்டாப் இல்லாத நாளில் ஆண்ட்ராய்டு போனில், இதே மாதிரி கருப்புத் திரையைத் தரும் டெர்மக்ஸ் செயலியைப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு வாரம் கொடுங்கள். அதற்குள் இந்தத் திரை அவளுக்குப் பிடித்துப்போனால் கோர்ஸைப் பற்றிப் பேசுவோம், பிடிக்கவில்லை என்றால் உங்கள் பணம் உங்களிடமே இருக்கும். கடைசியில் ஒரு சோதனை: முதல் வரியில் தலைப்பு இருக்கிற பட்டியலை, தலைப்பு மேலேயே நிற்க மற்றதை மட்டும் அடுக்கச் சொல்லுங்கள். ஹெட், டெயில் என்று இன்னும் இரண்டு கட்டளைகள் வேண்டியிருக்கும். எப்படி என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவள் என்ன எழுதினாள் என்பதை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.