அப்பா அம்மா படங்கள் ஏன் கலங்குகின்றன

ஷட்டர் வேகம், அதாவது ஒரு படத்துக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/125 நொடியைவிட மெதுவாக இறங்க விடாதீர்கள், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்) 3200 வரை ஏறினாலும் கவலை வேண்டாம். வீட்டுக்குள் எடுத்ததில் பாதி கலங்கல், கேமராவைத் தூக்கினாலே அப்பா விறைத்துக்கொள்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். கேள்வியின் முதல் பகுதிக்கு, கலங்கலுக்கு, இது போதும்.

ஆட்டோவில் விட்டால் மங்கிய வெளிச்சத்தில் கேமரா 1/30 வரைகூட இறங்கிவிடும். லென்ஸில் இருக்கிற அசைவுத் தடுப்பு உங்கள் கை ஆடுவதைத்தான் சமாளிக்கும், அப்பாவின் கை நடுங்குவதை அல்ல.

கலங்கிய படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னால் சுவர்க் கடிகாரத்தின் எண்கள் தெளிவாக இருந்து, அப்பாவின் விரல்கள் மட்டும் இழுபட்டிருந்தால் அவர் கை நடுங்கியதுதான் காரணம். கடிகாரமும் சேர்ந்து இழுபட்டிருந்தால் உங்கள் கைதான்.

விறைப்புக்கு, "சிரிங்கப்பா" என்பதை முதலில் நிறுத்துங்கள். நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, பழைய ஆல்பத்தை மடியில் கொடுத்து "இது யாரு?" என்று கேளுங்கள், அம்மா நடுவில் புகுந்து "அது உங்க சித்தப்பா இல்ல" என்று திருத்துவார், அப்போது எடுங்கள். அவர்களிடம் சொல்லிவிட்டு, போனில் அவர்கள் குரலையும் பதிந்துகொள்ளலாம், எனக்கு அது படத்தைவிட ஒரு படி மேல்.

ஒன்று, சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் சில எல்இடி விளக்குகளின் கீழ் பட்டை பட்டையாகக் கோடு விழும், ஜன்னல் வெளிச்சத்தில் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம், அவர் வேண்டாம் என்றால் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.